எதிர்வீட்டு நாத்தனார்

எங்கள் தெருவுக்கு நட்புத் தெரு என்று பெயர். சோவியத் காலத்தில் யாரோ வைத்தது. தெருவின் மேற்குப் பக்கத்து வீடுகள் உக்ரைன், கிழக்குப் பக்கத்து வீடுகள் ரஷ்யா. நான் பிறந்து வளர்ந்த காலத்தில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. மேற்கே சூரியகாந்தி எண்ணெய் ஆலை இருந்தது. கிழக்கே ரயில் நிலையமும் சந்தையும் இருந்தன. வேலைக்கு அவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், வெங்காயம் வாங்க நாங்கள் அந்தப் பக்கம் போவோம். எங்களுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ரிம்மாவின் வீடு. அவளும் நானும் ஒரே வயது. எங்கள் பேச்சு உக்ரேனிய மொழியும் ரஷ்ய மொழியும் கலந்த பேச்சு. அவளுடைய பள்ளியில் உக்ரைன் வாடை அடிக்கிறது என்று திட்டுவார்கள், என்னுடைய பள்ளியில் ரஷ்ய வாடை அடிக்கிறது என்று திட்டுவார்கள். இரண்டு பேரும் ஆலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலைமுடியில் வறுத்த விதையின் மணம் போகாது. நடனத்துக்குப் போனால் பையன்கள் எங்கள் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சுவார்கள். "பக்கத்துல வந்தாலே பசிக்குதுன்னு சொல்றாண்டி அவன்" என்று ரிம்மா ஒரு பையனைக் காட்டிச் சிரித்து உருண்டது இன்னும் காதில் இருக்கிறது.

அவளுடைய அண்ணன் வலேரி ஆலையில் லாரி ஓட்டினான். அதிகம் பேசமாட்டான். மூன்று வருஷம் எங்கள் வீட்டுக்கு விறகு வெட்டிக் கொடுத்த பிறகுதான் அவன் எதற்கு வருகிறான் என்று எனக்குப் புரிந்தது. ரிம்மாவுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டதாம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வரும் வழியில் பெண்ணின் தோழிகள் கயிறு கட்டி மறிப்பது எங்கள் வழக்கம். இனிப்பும் பாட்டிலும் கொடுத்தால்தான் விடுவார்கள். தெருவின் நடுவில் கயிறு கட்டினார்கள். அதன் ஒரு முனையை என் பக்கம் நின்று பிடித்திருந்தது ரிம்மா, மாப்பிள்ளையின் சொந்தத் தங்கச்சி.

"நீ யாரு பக்கம்?" என்று வலேரி கேட்டான்.

"எந்தப் பக்கம் இனிப்பு வருதோ அந்தப் பக்கம். எடு அண்ணா, சும்மா முறைக்காத."

சாப்பாட்டு மேஜைகளைத் தெரு நடுவிலேயே நீளமாகப் போட்டோம். மத்தியானம் டவுன் பஸ் வந்து நின்றது. போக வழியில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து சண்டை பிடித்தார். ரிம்மா அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மாள் வேறு ஊர்ச் சாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கறுப்புத் துணி சுற்றிய முக்காட்டோடு மூன்று முறை கொழுக்கட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், செர்ரி வைத்தது. சாயங்காலம் ரிம்மா என் அறைக்கு வந்து கட்டிலில் பொத்தென்று விழுந்தாள்.

"இன்னிலேருந்து உன்ன அண்ணின்னு வேற கூப்பிடணுமா?"

"கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"சண்ட போடறப்ப மட்டும் கூப்பிடறேன்."

சொன்னபடியே செய்தாள். சாதாரண நாளில் தைசியா, கோபம் வந்தால் அண்ணி.

அப்போது என் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்ததால் வலேரி எங்கள் வீட்டிலேயே தங்கினான். தொண்ணூற்று ஒன்றில் நாடு பிரிந்தபோது, யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்களோ அந்தப் பக்கத்துக் கடவுச்சீட்டு கிடைத்தது. ரிம்மா ரஷ்யா, அவளுடைய அண்ணன் உக்ரைன். "வீட்டோட மாப்பிள்ளையா போனதுக்கு ஒரு நாட்டையும் சேத்துக் குடுத்திருக்காங்க பாரு" என்று அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. அவர்கள் கடிகாரம் மாஸ்கோவைப் பார்த்து ஓடியது, எங்களுடையது கீவைப் பார்த்து. ஒரு மணி நேர வித்தியாசம். அதனால் புத்தாண்டு எங்கள் தெருவில் இரண்டு தடவை பிறக்கும். முதலில் அவள் வீட்டில் கொண்டாடிவிட்டு, கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு பனியில் வழுக்கியபடி எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவோம். என் மகள் மிராவும் ரிம்மாவின் மகன் கிரிலும் இரண்டு பக்கமும் பரிசு வாங்குவார்கள். கிரிலுக்கு அம்மை போட்டிருந்த வருஷம் மட்டும் அவனைப் போர்வையில் சுற்றி நான்தான் தூக்கிவந்தேன். வழியெல்லாம் "அத்த, பரிசு தீந்துடுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இருபத்து மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. எங்களைக் கேட்டால் அதுதான் வாழ்க்கை என்று சொல்லியிருப்போம்.

இரண்டாயிரத்துப் பதினாலில் முதலில் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனது, பிறகு எங்களுக்குத் தெற்கே சண்டை ஆரம்பித்தது. ஜூலையில் வலேரியின் பிறந்தநாள். ரிம்மா எப்போதும்போல் கேக்கோடு வந்தாள். சூப்பு ஆறுவதற்குள் பேச்சு அங்கே போய்விட்டது.

"உங்க ஆளுங்க ஜனங்க மேல குண்டு போடறாங்க அண்ணா. தினமும் டிவில காட்டறான்."

"எங்க ஆளுங்களா? நான் உன் கூடப் பொறந்தவன்."

"அப்ப ஏன் நீ பேசமாட்டேங்கற?"

வலேரி கரண்டியைக் கீழே வைத்தான். "போன செவ்வாய்க்கெழம ராத்திரி பூரா நம்ம ரோட்டுக்குப் பின்னால டாங்கி போச்சு. எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போச்சுன்னு நீயும் பாத்த, நானும் பாத்தேன். உன் டிவி அத காட்டுச்சா?"

"நான் ஒண்ணும் பாக்கல."

"பாத்த. உன் ஜன்னல்ல வெளக்கு எரிஞ்சுது."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அண்ணி, உன் புருஷன் என்னப் பொய்க்காரின்னு சொல்றான், நீ வேடிக்க பாக்கற" என்றாள் என்னிடம். நான் வாயைத் திறப்பதற்குள் வலேரி சொன்னான்: "உன் டிவிய உன் வீட்டுலயே வச்சுக்க. அத இங்க கொண்டு வராத."

அவள் எழுந்து போனாள். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. நான் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருவில் புதிதாக வந்த சோதனைச் சாவடியில் அடையாளத் தாளைக் காட்டி அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அரசியல் பேசமாட்டோம். "அவன் நல்லா இருக்கானா?" என்று ஒரு தடவை கேட்பாள். வீட்டுக்கு வந்தால் வலேரி என் பையைப் பார்த்து, "வெங்காயம் வாங்க ரெண்டு மணி நேரமா?" என்பான். அதற்கு மேல் கேட்கமாட்டான். ஆனால் தினமும் காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவான். எதிர்வீட்டில் திரை விலகியதும், "எந்திரிச்சுட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போவான்.

பதினெட்டாம் வருஷம் ரஷ்யக்காரர்கள் தெருவின் நடுவில் கம்பி வேலி போட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே, உச்சியில் முள்சுருள். இரண்டு வருஷம் கழித்து கொரோனா வந்தது, சாவடியும் மூடிக்கொண்டது. அந்த நவம்பரில் வலேரிக்கு மூச்சு முட்டியது; கொரோனா இல்லை, இதயம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். கடைசி இரண்டு நாளில், "அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். "கேக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு" என்றான். அன்றைக்கு அவள் கோபத்தில் விட்டுப்போன கேக்கை அவன் எப்போது தின்றான் என்று எனக்குத் தெரியாது.

கல்லறைக்குப் போகும்வரை எங்கள் ஊரில் சவப்பெட்டியை மூடமாட்டோம். தெருவழியே தூக்கிப்போகும்போது ரிம்மாவின் வீட்டுக்கு எதிரே நிறுத்தச் சொன்னேன். அவள் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எங்கள் பக்கத்து எல்லைக் காவல்காரப் பையன் ஓடிவந்தான். "அம்மா, வேலிகிட்ட நிக்கக் கூடாது, உத்தரவு."

"அது அவன் தங்கச்சிப்பா."

பையன் அவளைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சிகரெட் பற்றவைக்க ஆரம்பித்தான். காற்றில் அணைந்து அணைந்து போனது. அவன் ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துக்கொண்டே இருந்தான்.

பெட்டியை வேலியோரம் கொண்டுபோனார்கள். ரிம்மா அழவில்லை. அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோட்டு பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான், ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, விறைத்த விரலால் ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டேன். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். கேக்கு விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவள் உடைந்தாள்.

இருபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் ரஷ்யப் படை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. எங்கள் ஊரில் சண்டை எதுவும் நடக்கவில்லை. காலையில் எழுந்தபோது தெருவில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். மிரா அப்போது மேற்கே, உக்ரைன் கையிலேயே இருந்த போல்டாவா நகரத்தில் இருந்தாள். அவள் கணவன் தராஸ் முதல் வாரமே உக்ரைன் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். பிறகு எங்கள் பக்கம் போன் கோபுரம் வேலை செய்யவில்லை.

ஏப்ரலில் வேலியை இரண்டு மூன்று இடத்தில் வெட்டி வழிவிட்டார்கள். அந்த வாரமே ரிம்மா ஒரு பெரிய கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தைசியா, வந்துட்டேன் பாரு. நேரா நடந்தே வந்துட்டேன். யாரும் தாள் கேக்கல."

நான் வாசலைவிட்டு நகரவில்லை. "எந்த வழியா வந்தே?"

"வேலியத்தான் எடுத்துட்டாங்களே."

"யாரு எடுத்தா?"

அவள் சிரிப்பு குறைந்தது. "எடுத்தாங்கல்ல, அதப் பாரேன். உங்களக் காப்பாத்தத்தான வந்திருக்காங்க."

"யாருகிட்டேர்ந்து? என் மாப்பிள்ளகிட்டேர்ந்தா?"

அவள் கிண்ணத்தின் துணியை இழுத்துவிட்டாள். நான் சொன்னேன்: "வேலி இருந்தப்ப நீ எனக்கு நாத்தனார். தினமும் உன்ன நெனச்சு அழுதேன். இப்ப உன்னப் பாத்தா எனக்கு அழுக வரல ரிம்மா. வீட்டுக்குப் போ."

கிண்ணத்தை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. அன்று தொடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்குக் கோபத்தை அதிகமாக்கியது.

இலையுதிர் காலத்தில் ஆலை அலுவலகத்தில் புதிய அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். ரஷ்யக் கடவுச்சீட்டு வாங்கச் சொல்லி வீடு வீடாகக் கேட்டார்கள். பின்தெருக்காரர் ஒருவரை விசாரணைக்குக் கூட்டிப்போய், பதினொரு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. ஜனவரியில் மிராவிடமிருந்து யார் யாரோ மூலமாக ஒரு சேதி வந்து சேர்ந்தது. மாசமாக இருக்கிறாள், அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று.

போர்முனையைத் தாண்டி நேராகப் போல்டாவாவுக்குப் போக முடியாது. ரஷ்யா முழுவதையும் வடக்கே கடந்து, லாத்வியா போய், போலந்து வழியாகச் சுற்றி வரவேண்டும். எனக்கு அறுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் பழுது. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மத்தியானம் தெருவைக் கடந்து போய் ரிம்மாவின் கதவைத் தட்டினேன்.

அவள் மெலிந்திருந்தாள். டிவி அணைந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்குப் போகணும்? இங்க அமைதியாத்தான இருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"மிரா மாசமா இருக்கா."

"எத்தன மாசம்?"

"ஏழு."

ரிம்மா எழுந்தாள். நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "உன் முட்டிய வச்சுகிட்டு நீ தனியா போய்ச் சேரமாட்ட" என்றாள். எனக்குப் பெட்டி தருகிறாள் என்று நினைத்தேன். அவள் தன்னுடைய துணிகளை அதில் அடுக்க ஆரம்பித்தாள்.

எங்கள் ரயில் நிலையத்தில் வண்டிகள் நிற்பது எப்போதோ குறைந்துவிட்டது, எல்லையைத் தொடாமல் புதுப்பாதை போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் வரோனேஷ் போய் அங்கிருந்து ரயில் பிடித்தோம். பெட்டி இரண்டையும் அவளே தூக்கினாள். எனக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கவில்லை என்று ஒரு கல்லூரிப் பெண்ணோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாள். அவித்த முட்டை, ஊறுகாய்த் தக்காளி, கண்ணாடி டம்ளரில் டீ. வெளியே ஓயாமல் பனி. எங்கள் பேச்சு முழுவதும் பழசைப் பற்றித்தான் போயிற்று. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த பஸ் ஓட்டுநர் பிறகு ஐந்து வருஷம் அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உன்ன விட்டுட்டு ஓடிப்போனவனுக்குப் பதிலா அவரையே கட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"போடி. அந்தாளு எங்க உக்காந்தாலும் தூங்கிருவான்."

சற்று நேரம் கழித்து அவள் சொன்னாள்: "அண்ணன் பேசாம இருந்தான்ல, அந்த ஆறு வருஷமும் நான் காலைல எந்திரிச்சதும் உங்க வீட்டுப் பொகபோக்கியப் பாப்பேன். பொக வந்துச்சுன்னா, சரி, டீ போட்டுட்டான்னு நெனச்சுக்குவேன்."

வலேரி ஜன்னலோரம் உட்கார்ந்ததை நான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் அந்த டிவி சொல்றத நம்பறியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

அவள் முட்டை ஓட்டைத் துணுக்குத் துணுக்காக உடைத்துக்கொண்டே இருந்தாள். "நம்பாம இருந்து என்ன பண்ண? கிரில் அங்க இருக்கான் தைசியா. அக்டோபர்ல ராணுவத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நம்பலன்னா, எம்புள்ள எதுக்காக அங்க இருக்கான்?"

போர்வைக்குள் பரிசு கேட்ட குழந்தைதான் முதலில் நினைவுக்கு வந்தான். அடுத்து தராஸ் வந்தான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியவில்லை. "நீ ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ வாசல்லயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்புனே, அப்புறம் எப்படி வந்து சொல்ல?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தெனமும் மெழுகுவத்தி ஏத்தறேன். கிரிலும் உன் மாப்பிள்ளையும் ஒரே எடத்துல இருந்துடக் கூடாதுன்னு மட்டுந்தான் வேண்டிக்கறேன். வேற எத வேண்டிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் என் காலைக் கொஞ்சம் நகர்த்தி அவள் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டேன். அப்படியே மாஸ்கோ வரை போனோம்.

லாத்வியா எல்லையில் உக்ரேனியர்களைத் தனியாக நிறுத்தி விசாரித்தார்கள். ரஷ்ய அதிகாரி சின்ன வயசுக்காரர். என் போனை வாங்கிப் பார்த்தார். "எதுக்குப் போறீங்க? ராணுவத்துல யாராவது இருக்காங்களா?"

ரிம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். "எங்க அண்ணன் சம்சாரம். கண்ணுல புரை. ரீகாவுல ஆபரேஷன். ராணுவத்துல எம்பையன் இருக்கான், இந்தா படம். வேற யாரு வேணும் உங்களுக்கு?" சீருடையில் இருந்த கிரிலின் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

விசா இல்லாமல் அதற்கு மேல் அவள் வர முடியாது. என் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

"நேரா நட. திரும்பித் திரும்பிப் பாக்காத, முட்டி புடிச்சுக்கும்."

திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்று கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

போல்டாவா வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. மார்ச் கடைசியில் பேத்தி பிறந்தாள். ஒருநாள் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மிரா கேட்டாள், "அவ்ளோ தூரம் உன்ன யாரு கூட்டிட்டு வந்தா?"

"அத்தை."

அவள் கை நின்றது. எட்டு வருஷமாக அந்த வார்த்தையை அவள் சொல்வதில்லை. "கிரில் என்ன பண்றானாம்?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

தராஸ் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் விடுப்பில் வருகிறான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பான், தூங்கிய பிறகும் கீழே விடமாட்டான். அவன் முன்னால் நான் எங்கள் தெருவைப் பற்றிப் பேசுவதில்லை. மாதம் ஒரு முறை ரிம்மாவிடமிருந்து போனில் ஒரு வரி வரும். "உயிரோட இருக்கியா?" நானும் ஒரு வரி போடுவேன். "இருக்கேன்." அதற்கு மேல் எழுத இரண்டு பேருக்கும் பயம்.

போன இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. மூன்றாம் மாதம், நான் சமையலறையில் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். "கிரில் வீட்டுக்கு வந்துட்டான். வலது கால் இல்ல. இனிமே கூப்பிடமாட்டாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்றா, இனி தராஸுக்கு எதிரே நிற்கமாட்டான் என்றா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நிமிஷமே, அந்தக் கால் போவதற்கு முன் அவன் யாரைச் சுட்டிருப்பான் என்ற நினைப்பு வந்தது. அதுவும் போகவில்லை. சிவப்பான விரலோடு எழுதிக் கேட்டேன்: "சாப்பிடறானா?"

உடனே பதில் வந்தது. "சாப்பிடறான். மிராவுக்கு என்ன கொழந்தன்னு கேக்கறான்."

பக்கத்து அறையில் மிரா குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு" என்று எழுதி அனுப்பினேன். பிறகு மிரா பார்த்துவிடாதபடி அந்தச் செய்திகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.